நியூயார்க்கா, கொல்கத்தாவா? – வாசகர் கேள்வி பதில்

இம்மாத அஞ்சலில் திரைப்பட மேற்படிப்பைப் பற்றிய கடிதங்களே மிகுதியாக வந்திருக்கின்றன. சேர்க்கைக் காலம் நெருங்குவது ஒரு காரணம். இதைப் பற்றி விவரம் தெரிந்து பேச வீட்டில் ஒருவரும் இல்லை என்பது இன்னொரு காரணம் என்று கடிதங்களைப் படிக்கையில் தெரிகிறது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இம்முறை இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதற்கடிதத்துக்கான பதில் நீண்டுவிட்டது. மற்றவர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: ஐயா, காட்சித் தொடர்பியல் படித்துவிட்டு மூன்று ஆண்டுகளாக வடபழனியில் ஒரு படத்தொகுப்பாளரிடம் உதவியாளராக வேலை பார்க்கிறேன்; மாதம் 22,000 ரூபாய் கிடைக்கிறது. சென்ற ஆண்டு ஒரு குறும்படத்தில் சாவு வீட்டுக் காட்சியை மூன்று விதமாகத் தொகுத்துப் பார்த்தேன்; மூன்றாவதுதான் நின்றது. இப்போது நியூயார்க்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் இயக்கத்துக்கான மூன்றாண்டு முதுகலைப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது, உதவித்தொகை இல்லை. கொல்கத்தா சத்யஜித் ராய் நிறுவனத்தில் படத்தொகுப்புத் துறைக்கும் தேர்வாகியிருக்கிறேன். வீட்டையும் இரண்டு ஏக்கர் நிலத்தையும் ஈடு வைத்தாவது அமெரிக்கா அனுப்புகிறேன் என்கிறார் அப்பா. உறவினர்களும் பெரிய இடத்தை விடாதே என்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது? (சங்கரன்கோவில் வாசகி, வயது 25)

பதில்: கொல்கத்தாவுக்குப் போங்கள். முடிவை முதலில் சொல்லிவிட்டேன். காரணங்களைப் படித்த பின் அவை ஒப்பவில்லையென்றால் மறுத்து எழுதுங்கள்.

உங்கள் உறவினர்கள் இரண்டு ஊர்களை ஒப்பிடுகிறார்கள். உங்கள் முன்னால் இருப்பவையோ இரண்டு தொழில்கள். நியூயார்க் உங்களை இயக்குநராக்க அழைக்கிறது. கொல்கத்தா படத்தொகுப்பாளராக்க அழைக்கிறது. நீங்கள் அனுப்பிய முழுக் கடிதத்தில் (இடமின்மையால் இங்கே சுருக்கியிருக்கிறோம்) இயக்க விரும்பும் படத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தச் சாவு வீட்டுக் காட்சியைப் பற்றியோ பதினோரு வரிகள் இருக்கின்றன. ஒப்பாரி வைக்கும் பெண்ணின் முகத்திலிருந்து எந்தக் கணத்தில் வெட்டி வாசலில் கிடக்கும் செருப்புகளுக்குப் போவது என்பதில் நான்கு நாள் தூக்கத்தை விட்டவர், தான் எந்தத் துறைக்கு உரியவர் என்ற கேள்விக்கு ஏற்கெனவே விடை எழுதிவிட்டார். படத்தொகுப்பு என்பது இயக்கத்துக்கு ஒரு படி கீழே என்ற நினைப்பு நம் ஊரில் உண்டு. உங்கள் அப்பாவுக்கும் அது இருக்கக்கூடும். புனே திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்தில் இயக்கத்துறையில் இடம் கிடைக்காமல் படத்தொகுப்பில் சேர்ந்தவர் ரேணு சலூஜா. பின்னர் அத்துறைக்காக நான்கு முறை தேசிய விருது பெற்றார். கமல்ஹாசனின் ‘ஹே ராம்’ அவர் தொகுத்த படம்தான். இதை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள்.

துறையை முதலில் முடிவு செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு, கல்லூரிகளின் அமைப்பும் ஒரு காரணம். புனேயிலும் கொல்கத்தாவிலும் விண்ணப்பத்திலேயே துறையைக் குறிப்பிட்டுச் சேருகிறோம். தொடக்கத்தில் எல்லோருக்கும் பொதுவான பாடங்கள் இருந்தாலும், பிறகு ஒளிப்பதிவு மாணவர் ஒளிப்பதிவே செய்வார், ஒலிப்பதிவு மாணவர் ஒலிப்பதிவே செய்வார். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் பயிற்சிக்கூடமும் ஏறக்குறைய இதே முறையில், ஆறு துறைகளாகப் பிரிந்து இயங்குகிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மூன்றாண்டுப் படிப்பு வேறு வகை: அங்கே எல்லோரும் எழுதி இயக்க வேண்டும், ஒருவர் இயக்கும்போது மற்றவர் கேமரா பிடிப்பார், இன்னொருவர் ஒலி எடுப்பார், அடுத்த வாரம் இடம் மாறுவார்கள். தான் சொல்ல வேண்டிய கதை இன்னதென்று தெரிந்து, அதை எப்படி எடுப்பது என்று மட்டும் தெரியாதவருக்கு இந்த முறை மிக நல்லது. ஒரு கருவியில் கை ஊன்றிவிட்டவருக்கு இதில் பாதிக் காலம் வீணாகும்.

இனிப் பணம். நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் பெயர் பெற்ற தனியார் நிறுவனங்களின் கல்விக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 60,000 டாலரைத் தாண்டிவிட்டது. மூன்றாண்டுக்குக் கணக்குப் போட்டால் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் போகும். அந்நகரங்களின் வாடகையும், சில இடங்களில் மாணவரே தம் படங்களுக்குச் செய்ய வேண்டியிருக்கும் செலவும் அதற்கு மேல். அதில் 1 கோடியை மட்டும் 10 விழுக்காடு வட்டியில், 15 ஆண்டுகளில் அடைப்பதாகக் கடன் வாங்கினீர்கள் என்று வைத்துக்கொண்டாலும் மாதத் தவணை 1,07,000 ரூபாயைத் தாண்டும். நீங்கள் இப்போது வாங்கும் சம்பளம் அதில் ஐந்தில் ஒரு பங்கு. படிப்பு முடிந்தபின் அமெரிக்காவில் தங்கி வேலை செய்து அடைக்கலாமே என்று உங்கள் மாமா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். மாணவர் விசாவில் போனவர்களுக்குப் படிப்புக்குப் பின் பயிற்சி வேலைக்காகக் கிடைப்பது பொதுவாக 12 மாதங்கள். கணினி, பொறியியல் போன்ற படிப்புகளுக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதங்களைத் திரைப்பட இயக்கத்துக்கும் உண்டென்று நம்பிக் கடன் வாங்கக் கூடாது. கணினிப் பொறியாளரான அண்ணன் மகனை வைத்து மாமா போட்ட கணக்கு இங்கே செல்லாது.

கடன் வேறொன்றையும் செய்யும். மாதம் 1 லட்சம் கட்ட வேண்டியவர், முதல் ஐந்தாண்டுகளில் வருகிற வேலையையெல்லாம் ஒப்புக்கொள்வார்: திருமண வீடியோ, விளம்பரத் துண்டு, யாரோ விட்டுப்போன தொடரின் எஞ்சிய பகுதிகள். பிடித்த இயக்குநரின் சிறிய படத்தைக் குறைந்த சம்பளத்துக்கு எட்டு மாதம் உட்கார்ந்து தொகுக்க அவரால் முடியாது. அப்படிப்பட்ட ஒரு படத்தில்தான் பெரும்பாலும் ஒரு படத்தொகுப்பாளரின் பெயர் வெளியே தெரிகிறது. கொல்கத்தாவும் புனேயும் மத்திய அரசின் தகவல், ஒலிபரப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்குபவை. மொத்தக் கட்டணம் சில லட்சங்களில் அடங்கும். பொதுவாக வங்கிகள் 7.5 லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்குத்தான் சொத்தை ஈடாகக் கேட்கின்றன. எனவே வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

மூன்றாவது காரணம் உடன் படிப்பவர்கள். ஒரு துறைக்கு ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு பேரைத்தான் எடுக்கிறார்கள். அந்தச் சிறிய கூட்டத்தில் இயக்கம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, தொகுப்பு ஆகியவற்றிலிருந்து ஒவ்வொருவர் சேர்ந்து ஒரு படம் எடுக்கிறார்கள். ஒரே வளாகத்தில் தங்கி, ஒரே கேண்டீனில் சண்டையிட்டு, இரவு இரண்டு மணிக்குத் திரையரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் பிறகு இருபது ஆண்டுகள் ஒருவரை ஒருவர் அழைத்துக்கொண்டே இருப்பார்கள். 1983இல் வந்த ‘ஜானே பீ தோ யாரோ’ என்ற இந்திப் படத்தின் இயக்குநர் குந்தன் ஷா, ஒளிப்பதிவாளர் பினோத் பிரதான், தொகுப்பாளர் ரேணு சலூஜா ஆகிய மூவரும் புனே நிறுவனத்தில் படித்தவர்கள். கொல்கத்தாவில் படித்தவர்களில் தொகுப்பாளர் நம்ரதா ராவ், மலையாள இயக்குநர் அமல் நீரத், ‘தித்லி’ என்ற இந்திப் படத்தை இயக்கிய கனு பெல் ஆகியோரை நீங்கள் அறிந்திருப்பீர்கள். தமிழ்த் திரைத்துறையின் தொடர்பு கொல்கத்தாவில் கிடைக்காதே என்ற அச்சம் நியாயமானது. ஆனால் மூன்றாண்டு வடபழனி வாழ்க்கை அதை உங்களுக்குத் தந்துவிட்டது. உங்கள் ஆசிரியரிடம் சொல்லிக்கொண்டு போங்கள். விடுமுறையில் வந்து அவருடைய மேசையில் உட்காருங்கள்.

கொல்கத்தாவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. பணம் கட்டுமுன், இப்போது இரண்டாம், மூன்றாம் ஆண்டில் இருக்கும் படத்தொகுப்பு மாணவர்கள் இருவரிடமாவது பேசி மூன்று செய்திகளைக் கேளுங்கள். ஒரு மாணவர் படிப்பு முடிவதற்குள் எத்தனைப் பயிற்சிகளைத் தொகுக்கிறார்? தொகுத்ததை வாரம் எத்தனை முறை ஓர் ஆசிரியர் உடன் உட்கார்ந்து பார்க்கிறார்? கடைசியாக வெளியேறிய அணியினர் மூன்றாண்டுப் படிப்பை உண்மையில் எத்தனை ஆண்டில் முடித்தார்கள்? இந்த மூன்றாவது கேள்வி முக்கியம். அரசு நிறுவனங்களில் படிப்பு நீண்டுகொண்டே போவது பழைய நோய். 2015இல் புனேயில் 139 நாள் நடந்த மாணவர் வேலைநிறுத்தத்தின்போது, 2008ஆம் ஆண்டில் சேர்ந்த அணியின் படங்களே இன்னும் முடியவில்லை என்ற செய்தி வெளியே வந்தது. 25 வயதில் சேரும் நீங்கள் 28இல் வெளியே வருகிறீர்களா, 31இல் வருகிறீர்களா என்பது உங்கள் அப்பாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கருவிகளைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. அது எனக்குப் பிடித்தது. நான் படித்த நிறுவனத்தில், பெயர் வேண்டாம், படச்சுருளை ஓட்டிப் பார்த்து வெட்டும் ஸ்டீன்பெக் மேசைகள் நான்கு இருந்தன. அவற்றில் இரண்டுதான் ஓடும். இரவு பதினொன்றிலிருந்து விடியும்வரை எனக்கு முறை கிடைக்கும். காத்திருந்த நேரத்தில் மற்றவர்கள் வெட்டுவதைத் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக் கற்றதுதான், என் முறை வந்தபோது நானாகக் கற்றதைவிட அதிகம். இன்று உங்கள் மடிக்கணினியில் ஓடும் மென்பொருள்தான் நியூயார்க்கிலும் ஓடுகிறது.

என் பதில் மாறக்கூடிய நிலை ஒன்று உண்டு. நியூயார்க் கட்டணத்தின் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்து, நீங்களும் இயக்கவே விரும்பினால், அங்கே போகச் சொல்லியிருப்பேன். இரண்டில் ஒன்று மட்டும் போதாது.

கேள்வி: என் மகன் பி.காம். முடித்திருக்கிறான். தரமணியில் சேர்ப்பதா, புனேக்கு முயல்வதா? படித்து முடித்தால் பட்டம் கிடைக்குமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இப்போது இளநிலைப் பட்டப்படிப்பாக நடக்கிறது. பி.காம். முடித்த உங்கள் மகன் அங்கே சேர்ந்தால், பிளஸ் டூ முடித்து வரும் பிள்ளைகளோடு மீண்டும் முதலாண்டில் உட்கார வேண்டும். வயது வரம்பும் இருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள். இப்படிச் சொல்வதால் அதைக் குறைத்து மதிப்பதாக நினைக்க வேண்டாம். 1945இல் தொடங்கிய நிறுவனம் அது, பி.சி. ஸ்ரீராம் அங்கே படித்தவர். 1986இல் வந்த ‘ஊமை விழிகள்’ அங்கே பயின்றவர்கள் கூடி எடுத்த படம். சென்னைத் திரைத்துறையின் வாசலிலேயே இருப்பதும் கட்டணம் மிகக் குறைவாக இருப்பதும் அதன் பலம். புனேயும் கொல்கத்தாவும் பட்டதாரிகளுக்கானவை. எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் பெரும்பாலான துறைகளுக்கு விண்ணப்பிக்கலாம், பி.காம். தடையாகாது. பட்டத்தைப் பற்றிய உங்கள் கவலைக்கு: 2025இல் அவ்விரண்டுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி, அதாவது தாமே பட்டம் வழங்கும் தகுதி, வழங்கப்பட்டது. ஆனால் படப்பிடிப்புத் தளத்தில் பட்டச் சான்றிதழை யாரும் கேட்பதில்லை. கல்லூரியில் ஆசிரியராக விரும்பினால் மட்டுமே அது உதவும்.

கேள்வி: ஓராண்டுப் படிப்பால் ஏதாவது பயன் உண்டா, அல்லது பணம் பறிக்கும் வேலையா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: எந்த ஓராண்டுப் படிப்பு என்பதைப் பொறுத்தது. மைசூரைச் சேர்ந்த சிதானந்த நாயக் மருத்துவம் படித்தவர். புனே நிறுவனத்தின் தொலைக்காட்சிப் பிரிவில் ஓராண்டுப் படிப்பில் சேர்ந்து, ஆண்டு இறுதியில் சக மாணவர்களோடு ஒரு கன்னடக் குறும்படம் எடுத்தார். கிழவி ஒருத்தி சேவலைத் திருடிக்கொண்டு போய்விட, ஊருக்கு விடியாமலே போகும் நாட்டுப்புறக் கதை. 2024இல் கான் திரைப்பட விழாவின் மாணவர் படப் பிரிவில் அதற்கு முதற்பரிசு கிடைத்தது. மூன்றாண்டு படித்தவர்கள் பொறாமைப்பட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எனக்கே சற்று இருந்தது. அந்த ஓராண்டில் நான்கு துறை மாணவர்களும் சேர்ந்து உண்மையில் ஒரு படத்தை முடிக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். விரிவுரைகளும், நட்சத்திரங்களோடு புகைப்படமும், ஒரு சான்றிதழும் மட்டும் தரும் ஓராண்டுப் படிப்புகள் சென்னையில் நிறைய இருக்கின்றன. சென்ற ஆண்டு மாணவர்கள் முடித்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள். ஐந்தையாவது முழுதாகக் காட்ட முடியாத இடத்தில் சேர வேண்டாம்.

கேள்வி: பெரிய இயக்குநர்கள் பலரும் உதவி இயக்குநராக இருந்துதானே வந்தார்கள்? பிறகு கல்லூரி எதற்கு? (விருதுநகர் வாசகர்)

பதில்: பாலாவும், வெற்றிமாறனும், சீனு ராமசாமியும் உதவியாளர்களாக இருந்து வந்தவர்கள்தாம். யாரிடம் இருந்தார்கள் என்று பாருங்கள். மூவரும் பாலு மகேந்திராவிடம் இருந்தார்கள். அவர் புனே நிறுவனத்தில் ஒளிப்பதிவு படித்து 1969இல் வெளிவந்தவர். அவர் அங்கே கற்றது, அவருடைய அலுவலகம் வழியாக, கல்லூரி வாசலை மிதிக்காதவர்களுக்கும் வந்து சேர்ந்தது. அப்படிப்பட்ட ஆசிரியர் ஒருவர் உங்களைச் சேர்த்துக்கொண்டால் கல்லூரியை மறந்துவிடலாம். படப்பிடிப்பில் கூட்டத்தை ஒதுக்குவதும் தேநீர் எண்ணுவதுமாக ஆறு ஆண்டுகள் போகும் என்று தெரிந்தால் விண்ணப்பப் படிவத்தை வாங்குங்கள். பணம்தான் தடை என்றால், வெற்றிமாறன் சென்னையில் தொடங்கிய திரை–பண்பாட்டு ஆய்வகம், பொருளாதாரத்திலும் சமூகத்திலும் பின்தங்கிய குடும்பங்களின் பட்டதாரிகளுக்குக் கட்டணமில்லாமல் பயிற்சி தருகிறது.

கேள்வி: இலங்கைக் குடியுரிமை உள்ளவர்கள் புனேயில் சேரலாமா? (யாழ்ப்பாண வாசகி)

பதில்: சேரலாம். வெளிநாட்டு மாணவர்களுக்கு இடம் உண்டு. கட்டணம் இந்திய மாணவர்களுக்கு உள்ளதைவிட அதிகம். மேலே சொன்ன பாலு மகேந்திராவே மட்டக்களப்பில் பிறந்தவர்.

கேள்வி: எனக்கு ஆவணப்படத்தில்தான் ஈடுபாடு. அமெரிக்கச் செலவுக்கு வழியில்லை. ஆனால் வெளிநாட்டில் படிக்க ஆசை. (மதுரை வாசகர்)

பதில்: ஐரோப்பாவைப் பாருங்கள். லிஸ்பன், புடாபெஸ்ட், பிரஸ்ஸல்ஸ் ஆகிய மூன்று நகரங்களில் மாறி மாறிப் படிக்கும் ‘டாக்நோமாட்ஸ்’ என்ற ஈராண்டு முதுகலை ஆவணப்படத்துக்கென்றே உள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை கிடைத்தால் கட்டணமும் இல்லை, மாதப் படியும் உண்டு. கிடைப்பது கடினம், ஆண்டுதோறும் விண்ணப்பிப்பதில் தவறில்லை. இன்னொரு வழி அதிகம் பேருக்குத் தெரியாது. செக் நாட்டின் அரசுப் பல்கலைக்கழகங்களில் செக் மொழியில் படிப்பவர் எந்த நாட்டவராயினும் கட்டணம் கிடையாது. 1946இல் தொடங்கிய பிராக் நகரத்து ஃபாமு திரைப்படப் பள்ளியும் அதில் அடங்கும். ஆங்கிலத்தில் படித்தால் பணம் கட்ட வேண்டும். ஓராண்டு செக் மொழி கற்கும் பொறுமை இருந்தால் முயலலாம்; ஆவணப்படம் எடுப்பவருக்கு அந்தப் பொறுமை வேறு வகையிலும் உதவும். வெளிநாடே வேண்டுமென்ற ஆசையை விட்டால், தில்லி ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தின் வெகுமக்கள் தொடர்பியல் முதுகலை பல ஆவணப்படக்காரர்களை உருவாக்கியிருக்கிறது.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தேன். நேர்காணலில் ஆங்கிலம் வராமல் திணறினால் தள்ளிவிடுவார்களா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: புனேயிலும் கொல்கத்தாவிலும் தேர்வு பல கட்டங்களாக நடக்கும், எழுத்துத் தேர்வில் கேள்விகளைப் புரிந்துகொள்ளும் அளவு ஆங்கிலம் வேண்டும். நேர்காணலில் உங்கள் ஆங்கிலத்தைவிட, நீங்கள் பார்த்த ஒரு படத்தின் ஒரு காட்சியை எவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்திருக்கிறீர்கள் என்பதையே பார்ப்பார்கள். உங்கள் ஊர் மீன்சந்தையில் காலை ஐந்து மணிக்குக் கேட்கும் ஒலிகளை வரிசையாகச் சொல்ல முடிந்தால், இலக்கணப் பிழையோடு சொன்னாலும் ஒலித்துறை ஆசிரியர் நிமிர்ந்து உட்காருவார். நேர்காணலுக்கு ஆங்கிலத்தை மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள். அது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: கல்லூரியில் நான் எடுக்கும் படம் யாருக்குச் சொந்தம்? (சேலம் வாசகி)

பதில்: படத்துக்குப் பணம் போடுவது யார் என்பதைப் பொறுத்தது. புனேயில் நிறுவனமே தயாரிப்பாளர் என்பதால் உரிமை அதற்கே. லாஸ் ஏஞ்சலிஸில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகமும் வகுப்புக்காக எடுக்கும் படங்களின் உரிமையைத் தானே வைத்துக்கொள்ளும் வழக்கமுடையது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் அது மாணவருக்குரியது, செலவும் பெரும்பாலும் அவருடையதே. இதற்காகக் கல்லூரியை மாற்ற வேண்டியதில்லை. பின்னாளில் முழுநீளப் படமாக எடுக்க நினைத்திருக்கும் கதையை மட்டும், படிப்பின் முடிவில் எடுக்கும் டிப்ளமோ படத்துக்குக் கொடுக்குமுன், சேர்க்கையின்போது கையெழுத்திட்ட தாளை ஒருமுறை எடுத்துப் படியுங்கள்.